ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஆர்.ஆர். யூனிட்: எங்கே இருக்கும், எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது

மீட்டர் திடீரென்று அணைந்து மறுபடி எரிகிறது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஹெட்லைட் பளீரென்று ஏறுகிறது, விட்டால் மங்குகிறது. காலையில் செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. கூடவே எஞ்சின் லைட்டும் எரிந்தால் "இசியூ போச்சு" என்று சொல்ல ஒருவர் தயாராக இருப்பார். உடனே பணத்தைக் கொட்டாதீர்கள். இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, அவ்வளவு லேசில் போகாது. அதற்கு வரும் வோல்டேஜ் குறைந்தாலோ எகிறினாலோ சம்பந்தமில்லாத எரர் கோடுகளை எல்லாம் காட்டும். வேறு வண்டியின் இசியூவைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம் என்றாலும், சாவியை அடையாளம் பார்க்கும் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு இருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில் தரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றுவதும், அதை 14.5 வோல்ட் சுமாருக்குள் கட்டி வைப்பதும் இதன் வேலை. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஷண்ட் வகை. வண்டிக்குத் தேவையில்லாத மின்சாரத்தை இது காயிலுக்கே ஷார்ட் செய்து திருப்பிவிடும். அதனால்தான் இவ்வளவு சூடாகிறது, அதனால்தான் சாகிறது.

இங்கே சொல்வது மூன்று ஃபேஸ் காயில், அதாவது மூன்று ஒயர் வெளியே வரும் காயில், உள்ள வண்டிகளுக்கு. இன்றைய 250 சிசிக்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் பைக்குகள் அநேகமாக அப்படித்தான்.

தேவையானவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், அலன் கீ செட், 10 மி.மீ. ஸ்பேனர், கான்டாக்ட் கிளீனர், டைஎலெக்ட்ரிக் கிரீஸ், கொஞ்சம் தெர்மல் பேஸ்ட்.

1. பேட்டரியும் சார்ஜிங்கும்

வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரியை அளங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் நல்லது. 12.4-க்குக் கீழே இருந்தால் வெளிச் சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றிய பிறகே மேலே போங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே பழுது. அதை மாற்றாமல் மற்ற சோதனைகளைச் செய்தால் வரும் எண்களை நம்ப முடியாது.

எஞ்சின் சூடானதும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, பேட்டரி முனைகளில் பிடித்தபடி 5,000 ஆர்.பி.எம். வரை ஏற்றுங்கள். 13.5 முதல் 14.8 வரை நின்றால் சார்ஜிங் சரி. 12.5-லேயே நின்றால், அல்லது ஏற்ற ஏற்ற இறங்கினால், சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் வண்டியை ஓட்டாதீர்கள்: பல்புகள் ஃபியூஸ் போகும், பேட்டரி உப்பும். லித்தியம் பேட்டரி என்றால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் செய்யவே கூடாது. அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், நன்றாக இருந்த இசியூவையும் கொன்றுவிடும்.

2. யூனிட்டைத் தேடுவது

உள்ளங்கை அளவில், துடுப்பு துடுப்பாக வரி போட்ட அலுமினியக் கட்டி அது. மாடலுக்கு மாடல் இடம் மாறும்: டெயிலுக்கு உள்ளே, சைடு கவருக்குப் பின்னால், ஃபேரிங்குக்குள் ஃபிரேமை ஒட்டி. எல்லா பிளாஸ்டிக்கையும் கழற்ற வேண்டாம். காயில் இருக்கும் எஞ்சின் கவரிலிருந்து, பெரும்பாலும் இடது பக்கம், ஒரே நிறத்தில் மூன்று தடித்த ஒயர்கள் வெளியே வரும். பல ஜப்பானிய வண்டிகளில் மஞ்சள். அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளர் ஒன்று, அதைத் தாண்டினால் யூனிட்.

ஃபேரிங்கின் பிளாஸ்டிக் ரிவெட்டை நெம்பி எடுக்காதீர்கள். நடுவில் உள்ள பொத்தானை லேசாக உள்ளே அழுத்தினால் தானே கழன்று வரும்.

3. கப்ளரைப் பாருங்கள்

எல்லோரும் பார்க்காமல் தாண்டிப் போகிற இடம் இதுதான். சாவியை ஆஃப் செய்து அந்த மூன்று ஒயர் கப்ளரைப் பிரியுங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு ஓரத்தில் டீக்கறை போலப் பழுப்பேறி இருக்கிறதா? ஒரு பின் மட்டும் கருத்து, அதன் ஒயர் உறை விறைத்துப் போயிருக்கிறதா? பின்னில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே தடை கூடும், சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். இப்படிப்பட்ட வண்டியில் கப்ளரை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வழியில் போகும்.

டி.சி. பக்கத்தையும் விடாதீர்கள். எல்லாவற்றையும் மாட்டி, லைட் போட்டு, 5,000 ஆர்.பி.எம்.மில் யூனிட்டின் பாசிட்டிவ் ஒயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அளங்கள். நெகட்டிவ் பக்கமும் அப்படியே. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வழியில்தான்: துருப்பிடித்த எர்த், உருகிய ஃபியூஸ் ஹோல்டர், தளர்ந்த பின்.

4. காயில் சோதனை

எஞ்சினை நிறுத்தி, கப்ளரைப் பிரித்து, காயில் பக்கத்தின் மூன்று பின்களை இரண்டிரண்டாக ஓம் நிலையில் அளங்கள். மூன்று ஜோடியும் 1 ஓமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரே எண்ணாக வர வேண்டும். மீட்டரின் இரு முனைகளையும் சேர்த்தாலே 0.2 அல்லது 0.3 காட்டும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பின்னுக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது.

அடுத்து, கப்ளர் பிரிந்தபடியே எஞ்சினை ஓட்டி, மீட்டரை 200 வோல்ட் ஏ.சி.யில் வைத்து அளங்கள். 5,000-ல் ஒவ்வொரு ஜோடியும் 50 வோல்ட்டைத் தாண்டுவது வழக்கம். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மூன்றும் சமமாக இருப்பதுதான் முக்கியம். ஷாக் அடிக்கக்கூடிய வோல்டேஜ் இது, பின்களை விரலால் தொடாதீர்கள். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போயிருக்கிறது.

5. யூனிட் சோதனை

மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். டயோடு என்பது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம். சிவப்பு முனை ஏ.சி. பின்னில், கருப்பு முனை பாசிட்டிவ் வெளியீட்டில்: 0.4 முதல் 0.7 வரை காட்ட வேண்டும். மாற்றிப் பிடித்தால் எதுவும் காட்டக் கூடாது. பிறகு சிவப்பு நெகட்டிவில், கருப்பு ஏ.சி. பின்னில்: அதே விடை. மூன்று பின்னுக்கும் செய்யுங்கள். சுழியம் காட்டினால் அந்த டயோடு ஷார்ட்.

இந்தச் சோதனையில் தேறினாலே யூனிட் நல்லது என்று ஆகிவிடாது. இது ரெக்டிஃபையர் பாதியை மட்டும்தான் பார்க்கிறது. 15 வோல்ட்டைத் தாண்டுகிற வண்டியில் எர்த்தும் ஒயர்களும் சரியாக இருந்தால், டயோடுகள் நன்றாகவே இருந்தாலும் யூனிட்டை மாற்றத்தான் வேண்டும்.

6. மாற்றுவது

பழையதன் மேல் அச்சடித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். பின் எண்ணிக்கை ஒத்துப்போவது மட்டும் போதாது. ஷிண்டென்கனின் எஃப்.எச்.020ஏஏ போன்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வகைகள் குறைவாகச் சூடாகும், ஆனால் போலிகள் ஏராளம். நம்பகமான கடை இல்லையென்றால் கம்பெனி ஸ்பேரே மேல்.

பேட்டரியில் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றுங்கள். யூனிட் உட்காரும் உலோகப் பரப்பைத் துடைத்து, மெல்லிய படலமாகத் தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார் போதும். பிளாஸ்டிக் மேல் மாட்டும் அமைப்பு என்றால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு வையுங்கள்.

கருகிய கப்ளரை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரியும் வரை ஒயரைச் சீவி, புதிய டெர்மினல்களை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது ஒயரின் மேல் நசுக்கி இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை இங்கே எடுபடாது. காயிலின் மூன்று ஒயர்களுக்கு வரிசை கிடையாது, எதை எதோடு மாட்டினாலும் சரி. வெளியீட்டில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினால் மட்டும் புதிய யூனிட் அந்த நொடியே போய்விடும். மாட்டுவதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள். பின்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்து, கப்ளர் 'க்ளிக்' என்று பூட்டும் வரை தள்ளுங்கள்.

பேட்டரியை வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகே வண்டியை எடுங்கள். முதல் படியின் அளவை மறுபடி எடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது எண் துள்ளினால் எங்கோ ஒரு ஒயர் நசுங்குகிறது. கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். யூனிட்டின் உடம்பு கை வைக்க முடியாத அளவு கொதிப்பது இயல்பு. கப்ளர் அப்படிக் கொதித்தால் கிரிம்ப் சரியில்லை, பிரித்துத் திரும்பச் செய்யுங்கள்.