உணர்ச்சியை எழுதாதீர்கள், பொருளை எழுதுங்கள்

கவிதை எழுத உட்கார்ந்ததும் ‘சோகம்’, ‘ஏக்கம்’ என்று தொடங்க வேண்டாம். கண்ணில் பட்ட பொருட்களை முதலில் குறித்து வையுங்கள். மரம், பறவை, உணவு, தொழில்: பழந்தமிழ் இலக்கணம் இவற்றைத்தான் கருப்பொருள் என்கிறது. வட இலங்கையின் வன்னிப் பகுதியில் இதற்குப் பஞ்சமா என்ன!

பாலைப்பழத்தையே எடுங்கள். நாலு பழம் தின்றாலே பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அம்மம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். ‘ஊர் நினைவு வாட்டுகிறது’ என்ற வரியைவிட அந்த எண்ணெய் விரல் எனக்கு எவ்வளவோ பெரிது. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது மடியில் சூடாக இருக்கும் கச்சான் சரையும் (வேர்க்கடலைப் பொட்டலம்) அப்படித்தான்.

அப்புறம், எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள். நாக்குத் தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சொல் கூடுதலாக இருக்கும். அதை வெட்டிவிடுங்கள்.