காவடிக்கு ஊர் வருகிறவர்களுக்கு

பிரான்ஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் வரும் சொந்தக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது, ஊர் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகும்படி டிக்கெட் போடாதீர்கள் என்பதுதான். புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை நீளும். முருகன் பூசம் வைத்திருப்பது அதன் நட்ட நடுவில்.

புயல் எச்சரிக்கை கிளாஸ் 1 முதல் 4 வரை. கிளாஸ் 1-இல் ஊர் வழக்கம்போல இருக்கும். ரொட்டி, மெழுகுவர்த்தி, பேட்டரி எல்லாம் அப்போதே வாங்கி, வாளிகளில் தண்ணீர் பிடித்து வையுங்கள். கிளாஸ் 3 வந்துவிட்டால் பஸ்ஸும் இல்லை, கடையும் இல்லை. கிளாஸ் 4-இல் வாசலில் தலைகூடக் காட்டக் கூடாது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. காற்று சட்டென்று அடங்கியதும் பக்கத்து வீட்டுத் தாத்தா கூரைத் தகரத்தைப் பொறுக்க வெளியே போனாராம். திரும்பி வந்த காற்று எதிர்த்திசையிலிருந்து அடித்தது. தகரம் மாமரத்தில் சொருகி நின்றதை அம்மா இன்றும் கையை விரித்துக் காட்டுவார். தாத்தா தப்பித்தார்.

புயல் இல்லாத மழையும் ஆபத்துதான். 2013 மார்ச் 30 அன்று தலைநகர் போர்ட் லூயிஸில் திடீர் வெள்ளம் 11 பேரைக் கொண்டுபோனது, பலர் சுரங்கப்பாதையிலும் தரைக்கீழ்ப் பார்க்கிங்கிலும் சிக்கியவர்கள். மழை கொட்டினால் மேடான இடத்திலேயே இருங்கள்.

பெட்டியில் கறிவேப்பிலை, எலுமிச்சை, பூ, விதை வேண்டாம். அனுமதி இல்லாமல் செடிகொடி எதுவும் உள்ளே வராது. காவடிக்கு வேண்டியது இங்கேயே கிடைக்கும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டர் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். சில மருந்துகளுக்கு முன் அனுமதியும் தேவை, கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். கொசு மருந்தைப் பகலிலும் பூசுங்கள். டெங்கு, சிக்குன்குனியா கொசுக்கள் பகலில்தான் கடிக்கும்.

ஊர்வலத்தில் தார் ரோடு கொதிக்கும். வழியில் வீட்டுக்காரர்கள் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள். ஈரம் காயும் முன் கால் வைத்துவிட வேண்டும். பத்து நாள் விரதத்தோடு வெயிலில் நடப்பது விளையாட்டல்ல. சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் முன்பே டாக்டரைக் கேளுங்கள்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-இல் அதை இந்திக்குக் கீழே இறக்கியபோது ஊரே கொதித்து, நோட்டைத் திரும்ப வாங்க வைத்தது. ஆனாலும் டாக்சிக்காரரிடம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான் எடுபடும்.

விரதம் முடிந்து கடலுக்குப் போனால் ரப்பர் செருப்போடு இறங்குங்கள். முள்ளில் விஷமுள்ள கல்மீன் பாறை போலவே கிடக்கும். மிதித்தால் காலைத் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் வைத்து, ஆம்புலன்ஸுக்கு 114-ஐ அழையுங்கள். தெற்குக் கரையில் உள்ள க்ரி க்ரியில் மட்டும் இறங்கவே வேண்டாம். அங்கே அலையைத் தடுக்கப் பவளத்திட்டு இல்லை.