மனித ஜீனைப் பற்றீரியாவுக்கு ஏற்ப மாற்றி எழுதுவது எப்படி?

மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் புதிதாகப் போனவர்களும் அடிக்கடி கேட்பது இது: மரபுக் குறியீடு எல்லா உயிருக்கும் ஒன்றுதானே, மனித ஜீனை அப்படியே இ.கோலை என்ற பற்றீரியாவுக்குள் போட்டால் என்ன? போடலாம். சிலவேளை சரிவரும். பலவேளை புரதம் கொஞ்சமாக வரும், அல்லது பாதியில் அறுந்து வரும். அதைத் திருத்துவதைக் கொப்பியும் பேனையும் வைத்தே பழகலாம்.

படி 1: சிக்கல் எங்கே?

டி.என்.ஏயின் எழுத்துகள் ஏ, ரி, ஜி, சி. அவற்றில் மூன்று சேர்ந்தால் ஒரு கோடோன். கோடோன்கள் 64. நிறுத்தக் கோடோன் மூன்று போக, மீதி 61உம் 20 அமினோ அமிலங்களுக்கு. ஆர்ஜினினை எடுத்தால், அதற்கு ஆறு உண்டு. அவற்றில் ஏஜிஏ, ஏஜிஜி இரண்டும் மனித ஜீன்களில் தாராளம். 1000 கோடோனில் ஒவ்வொன்றும் சுமார் 12. இ.கோலையில் ஒன்றிரண்டுதான், அவற்றை வாசித்து அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் ரி.ஆர்.என்.ஏயும் குறைவு. புரதத்தைக் கோக்கும் இறைபோசோம் அங்கே வந்து காத்து நிற்கும். பழைய கல்லடிப் பாலத்தில் லொறி ஒன்று நின்றால் பின்னால் வந்ததெல்லாம் நிற்குமே, அந்த மாதிரி, பின்னால் வரும் இறைபோசோம்களும் முடங்கும். ஏஜிஜி அடுத்தடுத்து வந்தால் வாசிப்புச் சட்டகமே (எழுத்துகளை மூன்று மூன்றாகப் பிரிக்கும் ஒழுங்கு) பிறழக்கூடும்.

படி 2: தொடரை எடுங்கள்

என்.சி.பி.ஐ என்ற அமெரிக்க மரபுத் தரவுத் தளத்தில் இலவசம். எம்.ஆர்.என்.ஏ (இறைபோசோம் வாசிக்கும் ஜீன் பிரதி) தொடரில் புரதத்தைக் குறியிடும் பகுதியை மட்டும் எடுங்கள். குரோமோசோம் தொடரை எடுத்தால் இன்ரோன்களும் (புரதத்தைக் குறியிடாத இடைத்துண்டுகள்) சேர்ந்து வரும். அவற்றை வெட்டி நீக்க இ.கோலைக்குத் தெரியாது.

படி 3: அரிய கோடோனைக் குறியுங்கள்

இன்சுலினின் பி சங்கிலியில் 30 அமினோ அமிலம். அதில் 17 முதல் 23 வரை, மனித ஜீனில் உள்ளபடி:

சிரிஏ ஜிரிஜி ரிஜிசி ஜிஜிஜி ஜிஏஏ சிஜிஏ ஜிஜிசி

அதாவது லியூசின், வாலின், சிஸ்டீன், கிளைசின், குளுட்டமிக் அமிலம், ஆர்ஜினின், கிளைசின். ஜப்பானின் கசூசா கோடோன் அட்டவணையில் இ.கோலையைத் தேடி ஒப்பிடுங்கள். சிரிஏ, சிஜிஏ இரண்டும் அரிது. ஜிஜிஜி நடுத்தரம்.

படி 4: மாற்றுங்கள்

சிரிஏ இருந்த இடத்தில் சிரிஜி, இ.கோலை லியூசினுக்கு அதிகம் பாவிப்பது அதைத்தான். சிஜிஏ இருந்த இடத்தில் சிஜிரி. ஜிஜிஜியையும் நான் ஜிஜிரி ஆக்குவேன், நான்கு ஜி தொடர்ந்து வருவது அதோடு உடையும்.

சிரிஜி ஜிரிஜி ரிஜிசி ஜிஜிரி ஜிஏஏ சிஜிரி ஜிஜிசி

அமினோ அமிலம் ஒன்றும் மாறவில்லை. ஜீனை வெட்டி ஒட்டப் பாவிக்கும் வெட்டு நொதியின் அடையாளத் தொடர் தற்செயலாக உருவாகிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். என்டிஇ 1 என்றால் அது சிஏரிஏரிஜி.

எல்லாக் கோடோனையும் ஒரே அமுக்கில் 'மிகப் பிரபலமானதாக' மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரே ரி.ஆர்.என்.ஏயையே எல்லா இடமும் கேட்டால் அதற்கும் தட்டுப்பாடு வரும். சில இடங்களில் இறைபோசோம் மெதுவாகப் போவது புரதம் சரியாக மடிய உதவும். ஜீனின் தொடக்கத்திலோ, எம்.ஆர்.என்.ஏ தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசியாகாமல் இருப்பதுதான் பெரிய விஷயம். அரிதை மாற்றுங்கள், மற்றதை விடுங்கள்.

படி 5: ஜீனைத் தொடாத வழி

ரொசெற்றா என்ற இ.கோலை வகை ஏஜிஏ, ஏஜிஜி, ஏயூஏ, சியூஏ, சிசிசி, ஜிஜிஏ ஆகிய ஆறுக்கும் மேலதிக ரி.ஆர்.என்.ஏ தரும் (எம்.ஆர்.என்.ஏயில் ரிக்குப் பதில் யூ). அந்த ரி.ஆர்.என்.ஏக்களின் ஜீன்கள் இருக்கும் பிளாஸ்மிட்டை (சிறு டி.என்.ஏ வளையம்) தக்கவைக்க ஊடகத்தில் குளோரம்பெனிக்கோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சேர்க்க வேண்டும். நமது உதாரணத்தில் சிரிஏக்கு (எம்.ஆர்.என்.ஏயில் சியூஏ) உதவி கிடைக்கும், சிஜிஏக்குக் கிடைக்காது.

கோடோன் சரியானால் எல்லாம் சரியாகிவிடாது. 1978இல் இன்சுலினை இ.கோலையில் செய்தபோது ஏ, பி சங்கிலிகளைத் தனித்தனியே எடுத்துப் பிறகே இணைத்தார்கள். இன்சுலினில் சர்க்கரைச் சங்கிலி இல்லாதது வசதி, சாதாரண இ.கோலை அதை ஒட்டாது. செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் எரித்ரோபொயிற்றினுக்கு அது வேண்டும், அதனால் அதை வெள்ளெலிக் கலங்களில் செய்கிறார்கள்.

இனி 24 முதல் 30 வரை நீங்களே செய்யுங்கள்: ரிரிசி ரிரிசி ரிஏசி ஏசிஏ சிசிசி ஏஏஜி ஏசிசி. ரொசெற்றா கையில் இருந்தால் மாற்றாமலே விடக்கூடிய அரிய கோடோன் ஒன்று அதில் இருக்கிறது.