எக்செல் அட்டவணையை ஆட்டோகேடுக்குள் கொண்டுவரும்போது செய்யும் தவறுகள்

தக்கலையில் ஒரு வீட்டு வேலை. பிளானின் ஓரத்தில் கதவு, ஜன்னல் அட்டவணை. ஆசாரி அதைப் பார்த்துத்தான் மரம் அறுப்பார். ஒருநாள் காலையிலேயே போன்: "சாரே, பிளான்ல வெண்டிலேட்டர் அஞ்சு கெடக்கு, டேபிள்ல நாலுதான போட்டிருக்கு. எதுக்கு மரம் அறுக்க?"

எக்செல்லைத் திறந்தால் அங்கே ஐந்து. ஆட்டோகேட் வரைபடத்தில் ஒட்டிய அட்டவணையில் நான்கு. பத்து நாளுக்கு முன்பு கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி அடித்து ஒட்டிய அட்டவணை அது. அப்புறம் மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிப்பறை சேர்ந்தது. எக்செல்லில் திருத்தினேன், பிளானில் வெண்டிலேட்டர் குறியையும் போட்டேன், ஒட்டிய அட்டவணையை மறந்துவிட்டேன். ஆசாரி கேட்டதால் தப்பித்தேன். கேட்காமல் அறுக்கிறவர்களும் உண்டு.

வெறுமனே கண்ட்ரோல்-வி அடித்தால் உள்ளே வருவது ஆட்டோகேட் டேபிள் அல்ல, ஓஎல்இ பொருள். எக்செல்லின் ஒரு நகல் அப்படியே வரைபடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை இருமுறை சொடுக்கினால் எக்செல் திறக்கும். மூலக் கோப்புதான் திறந்திருக்கிறது என்று நம்பி அதில் திருத்துவோம். திருந்துவது உள்ளே இருக்கும் நகல் மட்டும். இப்படி ஒரே அட்டவணைக்கு இரண்டு கணக்கு உருவாகிவிடுகிறது. பெரிய அட்டவணையாக இருந்தால் கீழ்வரிசைகள் வெட்டுப்பட்டுப் போவதும் உண்டு. சுற்றிலும் ஒரு சட்டக்கோடு பிரிண்ட்டில் விழுந்தால் ஆட்டோகேடில் ஓஎல்இஃப்ரேம் என்ற அமைப்பின் மதிப்பை 2 ஆக்குங்கள். திரையில் தெரியும், தாளில் விழாது.

இதற்குப் பதிலாக பேஸ்ட் ஸ்பெஷல் போய், பேஸ்ட் லிங்க் என்பதைத் தேர்ந்து, ஆட்டோகேட் என்டிட்டீஸ் என்று கொடுத்தால் உண்மையான டேபிள் வரும், எக்செல்லோடு தொடர்பும் இருக்கும். டேட்டாலிங்க் கட்டளை வழியாகவும் இதைச் செய்யலாம். கணினியில் எக்செல் நிறுவியிருக்க வேண்டும். மூலத்தில் திருத்திச் சேமித்தபின் டேட்டாலிங்க்அப்டேட் கொடுக்க வேண்டும். தானாக மாறிவிடும் என்று நினைத்துப் பிரிண்ட் எடுப்பது அடுத்த தவறு. பிளாட்டருக்கு அனுப்பும் முன் அந்தக் கட்டளையை ஒருமுறை அடிப்பது இப்போது எனக்குக் கைப்பழக்கம். இன்னொன்று: இணைத்த டேபிளை எக்ஸ்புளோடு செய்துவிட்டால் அது கோடும் எழுத்துமாகச் சிதறிவிடும். அதோடு தொடர்பும் போச்சு.

இணைக்கும்போது முழு ஷீட்டா, பெயரிட்ட பகுதியா, குறிப்பிட்ட செல்களா என்று கேட்கும். பலர் ஏ1 முதல் எஃப்20 வரை என்று கொடுத்துவிடுவார்கள். 21-வது வரிசையில் புதிதாக ஒரு ஜன்னல் சேர்ந்தால் அது வரவே வராது. பகுதிக்குப் பெயர் வைத்து இணைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புது வரிசையைப் பகுதிக்கு நடுவில் செருகினால் பகுதி தானாக விரியும், அடியில் ஒட்டினால் விரியாது. அதனால் கடைசியில் ஒரு வெற்று வரிசையையும் பகுதிக்குள்ளேயே விட்டு, அதற்கு மேலே செருகுகிறேன்.

கோப்பின் பாதையைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்துக் கணினியிலேயே தொடர்பு அறுந்துவிடும். முழுப் பாதைக்குப் பதில் சார்புப் பாதையை (ரிலேட்டிவ் பாத்) தேர்ந்து, எக்செல்லையும் வரைபடத்தையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மார்த்தாண்டத்தில் இருக்கும் இன்ஜினியருக்கு அனுப்பும்போது இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கம்பி அட்டவணையில் வரும் சிக்கல் ஆட்டோகேடுக்கு வருவதற்கு முன்பே, எக்செல்லிலேயே தொடங்கிவிடுகிறது. 12 மில்லி கம்பி இரண்டு என்பதை 2-12 என்று எழுதுவது பலருக்கு வழக்கம். நாள்-மாதம் என்று அமைத்த கணினியில் எக்செல் அதை டிசம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும். ஐயையோ என்று செல்லின் வகையை டெக்ஸ்ட்டுக்கு மாற்றினால் இன்னும் மோசம். 2024-ல் அடித்திருந்தால் அங்கே 45628 என்று நிற்கும். தேதியை எக்செல் உள்ளுக்குள் வைத்திருக்கும் எண் அது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்க வேண்டும், அல்லது முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட வேண்டும். பெருக்கல் குறியோடு எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

தமிழில் தலைப்பு வைத்தால், டேபிள் ஸ்டைலில் இருக்கும் எழுத்து ரோமன்ஸ் போன்ற, ஆட்டோகேடின் சொந்த எழுத்துருவான எஸ்எச்எக்ஸ் வகையாக இருக்கக் கூடாது. வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும். யுனிகோடு ட்ரூடைப் எழுத்துருவை வையுங்கள். டேபிளை வரையும் இடமான மாடல் பகுதியில் வைக்காமல், தாளை அமைக்கும் லேஅவுட்டில் வைப்பது நல்லது. மில்லிமீட்டரில் வரைந்து 1:100-ல் எடுக்கும்போது, தாளில் 2.5 மில்லி உயர எழுத்து வேண்டுமென்றால் மாடலில் 250 வைக்க வேண்டியிருக்கும். லேஅவுட்டில் அந்தக் கணக்கே வேண்டாம்.

இனி சர்வே புள்ளிகள். இதில்தான் நம் குமரி மாவட்டத்துக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியிலிருந்து வரும் பட்டியலில் பெரும்பாலும் வடக்கு எண் முதலில், கிழக்கு எண் அடுத்து. ஆட்டோகேடுக்கோ எக்ஸ் என்பது கிழக்கு, ஒய் என்பது வடக்கு. கோவில்பட்டி, மதுரை பக்கம் யுடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கும் உலக ஆயமுறை) வடக்கு எண் 10 லட்சத்தைத் தாண்டி 7 இலக்கமாக இருக்கும். கிழக்கு எண் 6 இலக்கம். மாறிப்போனால் கண்ணில் பட்டுவிடும். குமரி மாவட்டம் 9 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே இருப்பதால் இரண்டுமே 6 இலக்கம். நாகர்கோவிலில் கிழக்கு ஏறக்குறைய 7,68,000, வடக்கு ஏறக்குறைய 9,05,000. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மாற்றிப் போட்டால் மனையின் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். பக்க நீளம் சரியாக இருக்கும், பரப்பும் சரியாக இருக்கும், 5 சென்ட் 5 சென்டாகவே நிற்கும். அதனால் பட்டாவோடு ஒத்துப்பார்த்தாலும் பிடிபடாது. பாதை எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று பார்த்தால்தான் தெரியும். என் வழி எளிது: நம் மாவட்டத்தில் கிழக்கு எண் 7-ல் தொடங்கும், வடக்கு எண் 8 அல்லது 9-ல் தொடங்கும். எக்ஸ் நெடுவரிசை 7-ல் தொடங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன். யுடிஎம் மண்டலம் 43 வடக்கு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 44-ல் வருவதால் வேறு ஊர்க் கோப்பை டெம்ப்ளேட்டாக எடுக்கிறவர்கள் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்களை எக்செல்லில் கோர்த்து, ஆட்டோகேட் வரிசையாக ஓட்டும் கட்டளைகள் அடங்கிய ஸ்கிரிப்ட் கோப்பாக்கும்போது காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடக் கூடாது. ஸ்கிரிப்டில் இடைவெளி என்றால் என்டர். லட்சக் காற்புள்ளி போட்ட நெடுவரிசையை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த கோப்பு) சேமித்தால் அந்தக் காற்புள்ளியும் கூடவே வந்து எண்ணை உடைக்கும். திரையில் இரண்டு தசமம்தான் தெரிகிறதென்றால் சிஎஸ்வியிலும் இரண்டுதான் போகும். ஸ்கிரிப்டை ஓட்டும் முன் எஃப்3 அழுத்தி ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை அணையுங்கள். இல்லாவிட்டால் நெருக்கமான புள்ளிகள் பக்கத்துப் புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலியோரத்தில் அரை அடிக்கு ஒரு புள்ளி எடுத்திருந்த ஒரு கோப்பில் 60 புள்ளிக்கு 41 இடம்தான் எனக்குக் கிடைத்தது. ஸ்னாப்பை அணைத்து மறுபடி ஓட்டியதும் 60-ம் வந்தது.