மெடிக்கல் பாலிசி: பில்லில் கைவைக்கும் நிபந்தனைகள்

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது எல்லோரும் கேட்பது இரண்டு: எத்தனை லட்சம், பிரீமியம் எவ்வளவு. டிஸ்சார்ஜ் அன்று பணத்தைக் கடிப்பது பாலிசியில் உள்ள வேறு நிபந்தனைகள். பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒன்று தரவேண்டும் என்பது இந்தியாவில் 2024 முதல் கட்டாயம். அந்த நிபந்தனைகளை அதில் தேடுங்கள்.

முதல் வேலை, அறை வாடகை வரம்பைப் பார்ப்பது. ‘காப்பீட்டுத் தொகையில் 1%’ என்றிருந்தால், 5 லட்ச பாலிசிக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 4 நாள் இருக்கிறீர்கள். மிஞ்சிப்போனால் 12,000 கைக்காசு என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி ஓடாது. 5,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 62.5%. வாடகைக்கு மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றுக்கும் இதே விகிதம்தான்.

வாடகை 32,000-க்கு 20,000 கிடைக்கும். டாக்டர், தியேட்டர் வகையில் 1,20,000 என்றால் 75,000. மருந்து, டெஸ்ட், இம்பிளான்ட் (உடலுக்குள் பொருத்தும் கருவி) இவற்றில் அந்த வெட்டு கூடாது என்பது விதி. இந்த வகையில் 60,000 என்றால் அது முழுதாக வரும். மொத்த பில் 2,12,000, கிடைப்பது 1,55,000. 10% கோ-பே (க்ளெய்மில் உங்கள் பங்காக நீங்களே கட்டவேண்டியது) இருந்தால் அதிலும் 15,500 போய், கடைசியில் 1,39,500.

அறை வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் இந்த விகித வெட்டு செல்லாது. அதனால் அட்மிஷன் போடும் முன்பே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் கேளுங்கள்: “ரூமுக்கு ரூம் டாக்டர் ஃபீஸ் மாறுமா?” பாலிசியை இனிமேல்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கூடுதல் பிரீமியம் ஆனாலும் வாடகை வரம்பே இல்லாததை எடுப்பது மேல்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகும் சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத காலம். பொதுவாக முதல் 30 நாள் விபத்துக்கு மட்டுமே கவர். கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்கும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அதிகபட்சம் 36 மாதம் வரை வைக்கலாம். பாலிசிக்குப் பாலிசி இது மாறும்.

க்ளெய்ம் அடிபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம் சுகர், பிரஷரை மறைப்பது. பல சமயம் மறைப்பவர் நீங்களே அல்ல. முன்மொழிவுப் படிவத்தை (பாலிசி கேட்டு விண்ணப்பிக்கும் படிவம்) நிரப்பித் தரும் ஏஜென்ட், பிரீமியம் ஏறிவிடும் என்று ‘இல்லை’ போட்டுவிடுவார். கையெழுத்து உங்களுடையதாயிற்றே! பாலிசி கைக்கு வந்ததும் படிவத்தின் நகலைப் பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு.

கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்லவேண்டும். கையுறை, சிரிஞ்ச் மாதிரிச் சில்லறை ஐட்டங்களுக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளெய்மை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களைத் தீர்த்து வைக்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். 50 லட்சம் வரையான வழக்குகளை எடுப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்விடவேண்டும்.