குளியலறை ஈரத்திலிருந்து சவரக்கத்தியைக் காப்பது

என்னிடம் மூன்று மடக்குச் சவரக்கத்திகள் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றும் இருந்தது. நல்ல கார்பன் ஸ்டீல், நானே பார்த்துப் பார்த்துத் தீட்டிய கத்தி. ஒருமுறை பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டுக் குளியலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பிரித்தால், அலகு முழுக்க மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். துருவைத் துடைத்து எடுத்துவிட்டேன். ஆனால் வெட்டும் விளிம்பான கூரின் ஓரமாக விழுந்த குழிகள் போகவே இல்லை. கல்லில் தேய்த்து ஒன்றைத் தாண்டினால் அடுத்தது எட்டிப் பார்க்கும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், குளியலறை அதற்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் கூரோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதனால் கண்ணுக்குத் தெரியாத துருவே அதைக் கெடுக்கப் போதும். நேற்று வழுக்கிக்கொண்டு போன கத்தி இன்று முடியைப் பிடித்து இழுக்கிறதா? தீட்டியதில் குறை தேடும் முன், கத்தியை எங்கே வைத்தோம் என்று யோசியுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே துரு வேகம் பிடிக்கும். வெந்நீரில் குளித்து முடித்த அறையில் அது அதற்கும் வெகு மேலே போய்விடும். குளிர்ந்த இரும்பின் மேல் அந்த ஆவி பனிபோலப் படியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தி தாக்குப்பிடிக்கும், ஆனால் அதிலும் துரு வரலாம்.

சவரம் முடிந்ததும் அலகை மட்டும் தண்ணீரில் காட்டி சோப்பு நுரையைக் கழுவுங்கள். அலகும் பிடியும் சேரும் ஆணி இருக்கும் பக்கம் நனையவே வேண்டாம். பிறகு மடித்த டிஷ்யூவால் அலகைப் பிடித்து, அதன் தடித்த முதுகிலிருந்து கூர் விளிம்பை நோக்கித் துடையுங்கள். கூரின் எதிர்த்திசையில் துடைத்தால் டிஷ்யூவும் கிழியும், விரலும் கிழியும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கத்தி சாவது பெரும்பாலும் பிடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவில், ஆணியைச் சுற்றித்தான். டிஷ்யூவின் ஒரு மூலையை நூல் மாதிரி முறுக்கி அந்த இடுக்கில் விட்டு மறுபக்கமாக இழுங்கள். நான் முதல் தடவை இழுத்தபோது அது தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் இதை விட்டதில்லை.

அப்புறம் துணி வாரில், அதாவது கூரைச் சீராக்கும் துணிப் பட்டையில், பத்துத் தடவை மெதுவாக இழுப்பேன். கூரில் ஒட்டியிருக்கும் கடைசி ஈரத்தைத் துணி எடுத்துவிடும். அதற்குப் பிறகு கத்தியைப் பாதி திறந்தபடி, குளியலறைக்கு வெளியே ஒரு மணி நேரமாவது காற்றாட வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் இவ்வளவு செய்ததும் வீண்.

தினமும் எடுக்கும் கத்திக்கு எண்ணெய் தேவையில்லை. ஆணியில் மட்டும் மாதம் ஒரு சொட்டு விடலாம். இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்கும் என்றால் அலகில் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆக அது பிசினாகிவிடும். மாதக்கணக்கில் கிடக்கும் கத்திக்குப் பெட்ரோலியம் ஜெல்லி நல்லது. மறுபடி வாரில் இழுக்கும் முன் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது வாரில் ஏறிவிடும்.

வைக்கும் இடம் படுக்கையறை இழுப்பறை. மூடியுள்ள டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, அதில் வைக்கிறேன். ஈரம் ஏறினால் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் மணிகளை வாங்குங்கள். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது உடம்புக்குக் கெடுதல். நிறம் மாறிய மணிகளை ஓவனில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

பழைய செல்லுலாய்டு பிடி போட்ட கத்தியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். செல்லுலாய்டு கெட ஆரம்பித்தால் அதிலிருந்து அமில ஆவி வரும். டப்பா எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்த ஆவி பக்கத்துக் கத்தியையும் அரித்துவிடும். திறந்ததும் மூக்கில் சுரீரென்று ஏறும் நெடி வந்தால் அன்றைக்கே பிரித்து வைத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் மீறி செம்புள்ளி தெரிந்தால், அன்றே எண்ணெய் விட்டு ஊறவைத்து, உலோகப் பாலிஷ் தொட்ட மெல்லிய துணியால் முதுகிலிருந்து கூரை நோக்கித் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். அலகில் சீராகப் படரும் சாம்பல் நிறத்தைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். அது அரிக்கும் துரு அல்ல, அப்படியே விட்டுவிடலாம்.