சைஸ் உடைந்த சட்டைகளை ஆடித் தள்ளுபடி வரை வைத்திருக்காதீர்கள்

இரண்டு மூன்று கிளைகளோடு ரெடிமேட் கடை நடத்துகிறீர்கள் என்றால், வாரம் ஒருமுறை ஸ்டாக்கை சைஸ் வாரியாகப் பாருங்கள், மொத்தக் கணக்கு மட்டும் போதாது. ஆண்கள் சட்டை பெரும்பாலும் 38, 40, 42, 44 என்று செட்டாகத்தான் வருகிறது, ஆனால் செட்டாக விற்பதில்லை. நடு சைஸ்கள் முதலில் போய்விடும், ஓரத்து சைஸ்கள் தேங்கி நிற்கும் (சைஸ் உடைவது என்பது இதுதான்), கம்ப்யூட்டரோ அந்த டிசைனில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பீஸ் இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருக்கும். அலமாரி நிறைந்திருந்தும் வியாபாரம் இறங்குவதற்கு நிறையக் கடைகளில் இதுதான் காரணம்.

ஒரு டிசைனில் நடு சைஸ் தீர்ந்ததும், எல்லாக் கிளைகளிலும் மிஞ்சியதை அது நன்றாக ஓடும் ஒரு கிளைக்கு அனுப்பி, செட்டை முடிந்தவரை முழுசாக்குங்கள். ஒரே மாநிலத்தில் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இருக்கும் கிளைகள் என்றால் இந்த மாற்றத்துக்கு வரி இல்லை, டெலிவரி சலான் (சரக்கோடு அனுப்பும் விவரச் சீட்டு) போட்டால் சரி. சரக்கு மதிப்பு பெரிதென்றால் இ-வே பில்லும் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும். அப்படியும் சேராததை உடனே சின்னத் தள்ளுபடியில் விடுங்கள், ஆடி வரை காத்திருந்தால் பாதி விலைக்குத்தான் போகும், தீபாவளிச் சரக்குக்கு இடமும் இருக்காது.

அப்புறம், பில் கவுன்டரில் ஒரு நோட்டு வையுங்கள். "அந்த சைஸ் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் டிசைனையும் சைஸையும் பணியாளர்கள் அதில் எழுதட்டும். விற்காமல் போனது எந்த பில்லிலும் வராது, அதனால் திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது அந்த நோட்டை முதலில் பிரியுங்கள்.